இன்றைக்கு வக்கீல் முறை

போன வாரம் மருமகளைப் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்துவிட்டு வந்துவிட்டேன். பாவம், ஒரு வாரமாக அங்கேயே இருக்கிறாள். வாருங்கள் கண்ணுகளா, முதலில் அவளை இறக்கிவிடுவோம்.

புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்கு மட்டும் இரண்டு வார்த்தை. சலவைக்கடை அம்மாவுக்கு ஒரு மகன், அவனுக்குக் கீழே மூன்று மகள்கள். மகனுக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. மகள்கள் மூவரும் கூடைப்பந்தில் சூரப்புலிகள். பெரியவளுக்கு ஏணி என்று பெயர். அவள் கையைத் தூக்கினால் வளையம் தானாகக் கொஞ்சம் குனியும் என்பார்கள். நடுவில் உள்ளவள் வக்கீல். சட்டம் படித்தவள் இல்லை, நடுவர்களோடு வாதாடி வாதாடியே அந்தப் பட்டத்தை வாங்கினாள். கடைக்குட்டி குருவி. எந்த மூலையிலிருந்து எறிந்தாலும் பந்து கூட்டுக்குத் திரும்புகிற மாதிரி வளையத்துக்குள் போய் உட்காரும்.

நாலாவது ஆள் மருமகள். நகரப் பேருந்து ஓட்டுகிறவள். ஆட்டத்தில் பந்தை முன்னால் கொண்டுபோவதும் அவள்தான். ஐந்தாவது ஆள் கடையில் அழுக்குத்துணி வாங்கிப்போடும் கவுண்டர் அக்கா. பயிற்சியாளர் வேறு யார், அம்மாவேதான்.

இப்படி ஒரு அணி இருந்தால் கோப்பை வீட்டு அலமாரியில் இருக்கவேண்டுமா இல்லையா? இல்லை. வருஷா வருஷம் கடைசி நாலு அணிக்குள் நுழைகிற வாசற்படியிலேயே தடுக்கி விழுகிறார்கள். ஏன் என்று கேட்டால் அந்த வீட்டில் ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறார்கள்.

இந்த நிலையில்தான் போன வாரம் டிப்போ மேனேஜர் மருமகளைக் கூப்பிட்டு, “எங்க டீமுக்கு வந்துடேன்மா” என்று கேட்டார். சீசன் நடுவில் ஒரே ஒரு தடவை அணி மாறலாம் என்பது விதி. யாரும் எந்த அணிக்கும் போகலாம். கடைசி நாள் இன்று. சாயங்கால ஆட்டம் முடிந்து அரங்கத்தைப் பூட்டுவதற்குள் பதில் வேண்டும்.

மாமியாருக்குத் தெரியாது. புருஷனிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அவன் ரொம்ப யோசித்துவிட்டுச் சொன்ன பதில்: “நான் எதுவும் சொல்லல.”

*

மதியம் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு அவள் இறங்கும்போது, மேனேஜர் டீ டம்ளரோடு எதிரே வந்தார்.

“என்னம்மா, முடிவு பண்ணிட்டியா?”

“ஆட்டம் முடியட்டும் சார். இன்னைக்கு ஜெயிச்சா நாங்க நேரா கடைசி நாலுக்குள்ள போயிடுவோம்.”

“ஜெயிச்சா தானே.” அவர் டீயை ஒரு வாய் குடித்தார். “இன்னைக்கு வக்கீல் முறை இல்ல?”

மருமகளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “உங்களுக்கு எப்படி சார் தெரியும்?”

“எனக்கா? இந்தக் கேன்டீன்ல யாரை வேணா கேளு. முதல்ல ஏணி, அப்புறம் வக்கீல், அப்புறம் குருவி. மறுபடி ஏணி. முன்னெல்லாம் உங்க ஆட்டத்துக்குப் பசங்க பந்தயம் கட்டுவாங்க. இப்ப கட்டறது இல்ல. எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயத்துல என்ன பந்தயம்?”

“இன்னைக்கு எதிர்ல ஆடற தீயணைப்பு டீமுக்கும் தெரியுமா?”

“அவங்க பயிற்சியே அதுதாம்மா. ஒருத்தி நடுவுல நிக்க, மூணு பேர் சுத்தி நிக்கிறாங்களாம். நடுவுல நிக்கிறவளுக்கு வக்கீல்னே பேர் வச்சிருக்காங்க.”

அது என்ன முறை என்கிறீர்களா? சொல்கிறேன்.

அப்பா இறந்தபோது நாலு பிள்ளைகளுக்கும் சேர்த்து வீட்டில் ஒரு சைக்கிள், ஒரு குளியலறை, ஒரு ஜன்னலோரம். அம்மா கடையையும் பார்க்கவேண்டும், குடுமிப்பிடிச் சண்டையையும் விலக்கவேண்டும். அப்போது கண்டுபிடித்ததுதான் முறை. எல்லாவற்றுக்கும் முறை. யார் முறை என்பது அம்மாவின் தலைக்குள் இருக்கும், அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அந்த வீட்டில் சண்டை நின்றது அதனால்தான். அதை நான் குறை சொல்லமாட்டேன்.

மகள்கள் பந்தாட வந்தபோது முறையும் கூடவே வந்துவிட்டது. ஆட்டம் இழுபறியாகி, கடைசி ஒரு பந்தில் முடிவாகும் என்றால், அந்தக் கடைசிப் பந்தை எறிவது யார்? முறைப்படிதான். இழுபறி இல்லாமல் முடிந்தால் முறை அடுத்த ஆட்டத்துக்கு நகரும். காய்ச்சலில் படுத்தால் முறை போகாது. ஒருமுறை குருவி தன் கடைசிப் பந்தை ஏணிக்குக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாகக் குளியலறையில் முன்னால் போகும் உரிமையை வாங்கிக்கொண்டாள். ஏணி அந்தப் பந்தைத் தவறவிட்டாள். குருவி மட்டும் அந்த மாதம் முழுக்க வெந்நீரில் குளித்தாள்.

இந்த முறையில் மருமகள் இல்லை. கல்யாணமாகி வந்து இரண்டு வருஷமாகப் பந்தைக் கொண்டுபோய், யார் முறையோ அவள் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பாள். யாரும் வேண்டுமென்று விட்டதில்லை. யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். தோன்றாமல் போனதுதான் அவளுக்கு உறுத்தல். டிப்போக்காரர்கள் கேட்டதும் முகத்தில் அறைந்தாற்போல் மறுக்காமல், யோசிக்கிறேன் என்று அவள் சொன்னதும் அதனால்தான்.

*

கடைக்கு அவள் வந்தபோது ஆவியில் ஆள் முகம் தெரியவில்லை. ஏணி இஸ்திரி மேஜையில். குருவி பல் ஆஸ்பத்திரி வேலையை முடித்துவிட்டு வந்து, மேஜை மேல் ஏறி உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தாள். வக்கீல் ஒரு மூட்டையைப் பிரித்து, சட்டைகளை முகம் சுளித்துக்கொண்டே எண்ணிப் போட்டாள். எல்லாம் தீயணைப்பு அணியின் ஆட்டச் சட்டைகள், சாயங்காலத்துக்குள் வெளுத்துக் கொடுக்கவேண்டியவை. ஊரில் பாதி அணிகளுக்கு இங்கேதான் வெளுப்பு.

“அம்மா, இதைக் கொதிக்கிற தண்ணில ஒரு தடவை போட்டு எடுத்தா, கை தூக்கவே முடியாது அவளுங்களால” என்றாள் ஏணி.

“தொழில் வேற, ஆட்டம் வேற. வாயை மூடிட்டுத் தேய்.”

“போன வருஷம் நாம தோத்ததே அந்த நடுவராலதான்” என்றாள் வக்கீல்.

“இல்ல, தரை. அந்த மூலைல தரை வழுக்குது” என்றாள் குருவி.

“தரை எல்லாருக்கும்தான் வழுக்குது. நீ தூக்கத்துல ஆடற.”

“நான் தூக்கத்துல ஆடினாலும் போடறேன். நீ முழிச்சுகிட்டு விடற.”

“ரெண்டு பேரும் நிறுத்துங்க” என்றார் அம்மா. “வாம்மா, நீ இந்த முனையைப் பிடி.”

ஹோட்டல் படுக்கை விரிப்பு. அம்மா ஒரு முனை, மருமகள் மறு முனை. இருவரும் நடந்து வந்து முனைகளைச் சேர்த்து, மறுபடி விலகி, மறுபடி சேர்ந்து மடிக்கவேண்டும். கிட்டே வரும்போது பேசலாம், விலகும்போது யோசிக்கலாம்.

கிட்டே வந்தபோது மருமகள் சொன்னாள். “அத்தை, இன்னைக்கு வக்கீல் முறைன்னு தீயணைப்பு ஆளுங்களுக்குத் தெரியும்.”

விலகினார்கள். சேர்ந்தார்கள்.

“தெரிஞ்சா என்ன? நாம என்ன திருடறோமா?”

“கடைசில மூணு பேர் அவ மேலயே விழுவாங்க.”

“விழட்டும். மூணு பேரையும் தாண்டிப் போடட்டும்.”

“முடியலன்னா?”

“முடியலன்னா அது அவ பாடு. நான் குடுக்கலன்னா அது என் தப்பு.” அம்மா விரிப்பின் ஓரத்தைச் சுண்டி நேராக்கினார். “மூணும் என் வயித்துல பொறந்தது. ஒருத்திக்குக் குடுத்து ஒருத்தியை விட்டா எனக்குச் சாப்பாடு எறங்குமா சொல்லு.”

அந்த விரிப்பை மடித்துவைத்து அடுத்ததை எடுத்தார்கள். மருமகள் அதைப் பிடித்துக்கொண்டு நகராமல் நின்றாள்.

“அப்ப நான் எங்க அத்தை, அந்த முறையில?”

ஏணியின் கை நின்றது. குருவியின் கால் நின்றது. வக்கீல் எண்ணிக்கொண்டிருந்தது எங்கே நின்றது என்று அவளுக்கே மறந்துவிட்டது. கவுண்டரில் ரசீது கிழித்துக்கொண்டிருந்த அக்கா மட்டும், “எனக்கெல்லாம் வேணாம்பா. கடைசிப் பந்தை விட்டுட்டு அப்புறம் காலைல உங்க மூஞ்சில யாரு முழிக்கிறது” என்றாள்.

அம்மா மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மெல்லச் சுருங்கியது.

“நீ கேக்கவே இல்லையேம்மா.”

“கேக்கணுமா அத்தை?”

அம்மா விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு கூரையைப் பார்த்தார். பிறகு முகம் தெளிந்தது.

“சரி. இன்னையிலேர்ந்து நாலு பேர். ஏணி, வக்கீல், குருவி, அப்புறம் நீ. இன்னைக்கு வக்கீல், அடுத்து குருவி, அதுக்கடுத்து உன் முறை. யாராவது ஏதாவது சொல்லணுமா?”

குருவி விரல் விட்டுப் பார்த்து, தன் பந்து இனி எவ்வளவு தள்ளிப்போகும் என்று உதட்டைப் பிதுக்கினாள்.

மருமகளுக்குக் கண் கலங்கியது நிஜம். இஸ்திரி மேஜையில் நங்கென்று தலையை முட்டிக்கொள்ளவேண்டும் போலிருந்ததும் நிஜம். முறையில் ஓட்டை எங்கே என்று காட்டினால், அதன் பக்கத்திலேயே அவளுக்கும் ஒரு நாற்காலி போட்டுவிட்டார்கள்.

*

சாயங்காலம் அரங்கத்தில் நல்ல கூட்டம். புருஷன்காரன் பெஞ்சின் ஓரத்தில் அவித்த முட்டை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஜெயிக்கிற மாதிரி இருந்தால் சாப்பிடக் கொடுப்பான். தோற்கிற மாதிரி இருந்தால் அவனே சாப்பிடுவான்.

முதல் பாதியைப் பார்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். மருமகள் பந்தைக் கொண்டுபோக, ஏணி கூட்டத்துக்கு மேலே எட்டி வாங்க, குருவி மூலையிலிருந்து எறிய, வக்கீல் இரண்டு பேர் நடுவில் புகுந்து போக, தீயணைப்புக்காரிகள் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் திணறினார்கள். இடைவேளையில் முட்டை டப்பா திறந்தது.

இரண்டாம் பாதியிலும் கொஞ்ச நேரம் அப்படியே. அப்புறம் புள்ளி நெருங்க நெருங்க என்னவோ ஆயிற்று. மருமகள் முன்பும் இதைப் பார்த்திருக்கிறாள், ஆனால் கவனித்ததில்லை. இன்று கவனித்தாள். ஆட்டம் இழுபறியாகும் என்று தெரிந்ததுமே ஏணி ஓடுவதை நிறுத்தி நடக்க ஆரம்பித்தாள். குருவி இரண்டு தடவை ஜடையைச் சரிசெய்தாள். வக்கீல் மட்டும் முகமெல்லாம் வியர்த்து, பந்து எங்கே பந்து எங்கே என்று அலைந்தாள்.

புருஷன் ஒரு முட்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

ஒரு புள்ளி பின்னால். மிச்சமிருப்பது ஒரே ஒரு பந்துக்கான நேரம். அம்மா டைம் அவுட் கேட்டார். ஐந்து பேரும் சுற்றி நின்றார்கள்.

“யார் முறைன்னு தெரியுமில்ல?”

“தெரியும்” என்றார்கள்.

எதிர்ப் பெஞ்சிலிருந்து தீயணைப்புத் தலைவியின் குரல் இங்கே வரைக்கும் கேட்டது. “தெரியுமில்ல? வக்கீல்.”

விசில் ஊதியது. பந்து மருமகள் கைக்கு வந்தது. தட்டிக்கொண்டே முன்னேறினாள். மேனேஜர் சொன்னபடியே மூன்று பேர் வக்கீலைச் சுற்றிக்கொண்டார்கள். அவளுடைய ஒரு கை மட்டும் மேலே தெரிந்தது. ஏணி எங்கோ ஓரத்தில். கவுண்டர் அக்கா தூரத்தில் மூச்சு வாங்க ஓடி வந்துகொண்டிருந்தாள்.

வளையத்துக்கு நேர் கீழே, பக்கத்தில் ஈ காக்காய் இல்லாமல், குருவி நின்றாள்.

இரண்டு வருஷமாக முறைக்காரியின் கை எங்கே தெரிகிறதோ அங்கே பந்தைக் கொடுத்துப் பழகியவள் மருமகள். இன்று கொடுக்கவில்லை. நெஞ்சுக்கு நேராக, குழந்தைகூடப் பிடிக்கிற மாதிரி, குருவிக்குப் போட்டாள்.

குருவி இடுப்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, வக்கீல் அக்கா இந்த மூன்று பேரிடமிருந்து எப்படித்தான் தப்பிக்கப்போகிறாள் என்று ஆவலாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். பந்து அவள் தோளில் பட்டு, கோட்டுக்கு வெளியே உருண்டு போனது.

ஆட்டம் முடிந்தது.

*

“அது என் பந்து” என்றாள் வக்கீல். பெஞ்சுக்கு வருவதற்குள் நாலு தடவை சொல்லிவிட்டாள்.

“உன்னைச் சுத்தி மூணு பேர் இருந்தாங்க” என்றாள் மருமகள்.

“முப்பது பேர் இருந்தாலும் என் முறை.”

குருவி தோளைத் தேய்த்துக்கொண்டே அழுதாள். “எனக்கு ஏன் அண்ணி போட்டீங்க? வலிக்குது.”

அம்மா எல்லோரையும் கையமர்த்தினார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தார்கள். அவர் குருவியின் பக்கம் திரும்பி, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார்.

“நீ ஏன்டி பந்தைப் பார்க்கல?”

“என் முறை இல்லையேம்மா.”

“நீ எங்க இருந்த?” இது ஏணிக்கு.

“தண்ணி பாட்டில் எங்க வச்சேன்னு பார்த்துட்டு இருந்தேன்.”

“ஆட்டம் முடியறதுக்கு முன்னாடியேவா?”

“என் முறை...” என்று ஆரம்பித்த ஏணி, அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

அம்மா பெஞ்சில் உட்கார்ந்தார். மகன் முட்டை டப்பாவை நீட்டினான். வேண்டாம் என்று தள்ளினார்.

“அப்ப இத்தனை வருஷமும் கடைசி நேரத்துல நாம ஒரே ஆளை வச்சுதான் ஆடிட்டு இருந்திருக்கோமா?”

“ரெண்டு பேர்மா” என்றாள் கவுண்டர் அக்கா, இன்னும் மூச்சு வாங்கியபடி. “நான் பாட்டுக்கு ஓடிட்டுதான் இருந்தேன்.”

அம்மா தன் கைகளைப் பார்த்தார். அந்தக் கைகள்தான் சைக்கிளையும் குளியலறையையும் ஜன்னலையும் நாலாகப் பங்குபோட்டு, ஒரு குழந்தைகூட ஏமாந்துபோகாமல் வளர்த்தவை.

“சரி” என்றார். “இனிமே ஆட்டத்துல முறை கிடையாது.”

வக்கீல் நிமிர்ந்தாள். “என்னம்மா இது? என் முறை வந்தப்பதான் ஒழிக்கணும்னு தோணிச்சா?”

“அப்படி இல்லடி...”

“எப்படி இல்ல? ஏணி போட்டு முடிச்சாச்சு. போன சுத்துல குருவியும் போட்டாச்சு. எனக்கு வரவேண்டியது வரல. முதல்ல எனக்குச் சேரவேண்டியதைக் குடுத்துட்டு அப்புறம் ஒழிங்க.”

அம்மா வளர்த்த நியாயம் அது. அவரிடமே திரும்பி வந்து கணக்குக் கேட்கிறது.

அந்த நேரம் பார்த்து டிப்போ மேனேஜர் படிவமும் பேனாவுமாக வந்து நின்றார். நல்ல மனுஷன், ஆனால் சமயம் பார்த்து வரத் தெரியாதவர்.

“என்னம்மா, எங்க டீமுக்கு வர்றியா இல்லையா? அரங்கத்தைப் பூட்டப் போறாங்க.”

எல்லோரும் மருமகளைப் பார்த்தார்கள். புருஷன் கூரையைப் பார்த்தான்.

“எந்த டீமுக்கு?” என்றார் அம்மா.

“டிப்போ டீமுக்கு அத்தை. என்னைக் கேட்டிருக்காங்க.”

“எப்ப?”

“போன வாரம்.”

“நீ என்ன சொன்ன?”

“யோசிக்கிறேன்னு சொன்னேன்.”

அம்மாவின் முகத்தில் கோபம் வந்திருந்தால் மருமகளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். வரவில்லை. மதியம் விரிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது வந்த அதே சுருக்கம்தான் வந்தது. மருமகள் பதில் சொல்ல வாயெடுத்தாள்.

“உங்க டீம்ல முறை உண்டா?”

கேட்டது வக்கீல்.

மேனேஜர் விழித்தார். “முறையா? அதெல்லாம் கிடையாதும்மா. யாரு நல்லா ஆடறாங்களோ அவங்களுக்குப் பந்து.”

“அப்ப என்னைச் சேர்த்துக்குங்க.”

“ஏய்” என்றாள் ஏணி.

“என்ன ஏய்? ஒருத்தி போகலாமா வேணாமான்னு ஒரு வாரமா யோசிச்சா. நான் இப்ப யோசிச்சுட்டேன்.” வக்கீல் மேனேஜரின் கையிலிருந்த பேனாவைத் தானே வாங்கிக்கொண்டாள். “எங்க கையெழுத்து போடணும்?”

ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. மேனேஜர், வந்த வேலை முடிந்ததா முடியவில்லையா என்று குழம்பியபடி அவளை அரங்க அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அம்மா அழப்போகிறார் என்று குருவி தன் துண்டை எடுத்து நீட்டினாள். அம்மா அதை வாங்கி மடித்து வைத்தார்.

“அடுத்த வாரம் யாரோட ஆட்டம்?”

“டிப்போவோடதான்” என்றான் மகன். “அதுல ஜெயிச்சாதான் கடைசி நாலு.”

“வக்கீல் அந்தப் பக்கம் ஆடுவா.”

“ஆமாம்மா.”

“அவளை யாரு பிடிக்கிறது?”

“நான்” என்றாள் ஏணி. அதே நொடியில் “நான்” என்றாள் குருவி. அதே நொடியில் இன்னொரு “நான்” கேட்டது. அது தன் குரல் என்று மருமகளுக்குச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. டிப்போவுக்கான பதிலும் அதுவே என்பது அதற்கும் பிறகுதான் உறைத்தது.

அம்மா மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். யார் முறை என்று கேட்க உதடு வரை வந்தது. கேட்கவில்லை.

*

எதிரணி ஆளாகிவிட்டாலும் வீட்டுக்குப் போகச் சலவைக்கடை வேனைத் தவிர வேறு வண்டி இல்லை. வக்கீல் வந்து, யாரையும் பார்க்காமல் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். மற்றவர்கள் பின்னால் துணி மூட்டைகளுக்கு நடுவே. மருமகள் வண்டியை எடுத்தாள்.

அம்மா அடுத்த வாரத்துக்கு ஏதோ திட்டம் சொல்ல ஆரம்பித்து, முன்சீட்டிலிருந்த இரண்டு காதுகளைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

இரண்டு தெரு தாண்டியது. வக்கீல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, பின்னால் கேட்காத குரலில் பேசினாள்.

“நல்ல பாஸ்தான் அண்ணி.”

மருமகள் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அப்புறம் ஏன் போற?”

“எனக்கு இத்தனை வருஷம் பந்து வந்தது நான் நல்லா ஆடறதாலயா, என் முறைங்கிறதாலயான்னு எனக்கே தெரியல.” அவள் மூக்கை உறிஞ்சினாள். “உங்களுக்குத் தெரியுமா?”

பதில் மருமகளிடம் இருந்தது. முறை இல்லாத நேரத்திலும் எத்தனையோ ஆட்டங்களில் பந்தை அவள் கையில் கொடுத்தவள் ஆயிற்றே. சொல்லலாமா, சொன்னால் அடுத்த சீசனில் திரும்பி வந்துவிடுவாளா, திரும்பி வந்தால் அது நல்லதா என்று நினைத்துக்கொண்டே திருப்பத்தில் வேகத்தைக் குறைத்தாள்.

“முன்னாடி என்ன பேச்சு?” என்றார் அம்மா, மூட்டைகளுக்கு நடுவிலிருந்து.

“ஒண்ணுமில்ல” என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.